டி ஹாவிலண்டைக் கவிழ்த்தது சதுர ஜன்னலா?

கேள்வி, 2024 ஜூன் 2

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான, பிரிட்டனின் காமெட்டில் சதுர ஜன்னல் வைத்தார்கள், மூலை கிழிந்து நடுவானில் வெடித்தது, அத்தோடு டி ஹாவிலண்ட் கம்பெனியே மூழ்கிவிட்டது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு மூலையை வளைக்கத் தெரியாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

மூலை வளைவாகத்தான் இருந்தது.

லண்டனுக்கு வடக்கே லண்டன் கோல்னி பக்கம், சாலிஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையை ஒட்டி டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. ஏர் பிரான்சில் பறந்த காமெட் 1ஏ ஒன்றின் உடற்பகுதி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. சதுர ஜன்னலோடு மிஞ்சியிருக்கும் அசல் காமெட் உடல் அது ஒன்றுதான். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதைப் பார்ப்பதற்கென்றே போனேன். ஜன்னல் பெரியது, நாற்பக்கமும் நேர்கோடு, ஆனால் மூலைகள் நன்றாக உருட்டப்பட்டவை. கூர் முனை எங்கும் இல்லை.

இரண்டாவது விஷயம். 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே 35 பேரோடு விழுந்த காமெட், 'யோக் பீட்டர்' (பதிவெழுத்தின் கடைசி இரண்டை வைத்து அழைக்கும் பெயர்), பயணிகள் ஜன்னலில் கிழியவில்லை. கடலடியிலிருந்து எடுத்த கூரைத் துண்டைப் பார்த்துத்தான் கிழிசல் தொடங்கிய இடத்தைக் கண்டுபிடித்தார்கள். கூரையில் திசைகாட்டி ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பு இருந்தது. அதன் மூலைக்குப் பக்கத்துத் துளையில் பிறந்த விரிசல் அது.

மூன்றாவது, கம்பெனி காமெட்டோடு மூழ்கவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன், நேரமாகிவிட்டது.

ஜூன் 3, காலை

"அப்படியானால் சோதனை செய்யவே இல்லையா?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். செய்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் செய்யாத அளவுக்குச் செய்தார்கள். இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்திருக்கும் இடமே இதுதான்.

காமெட் பறந்த உயரம் 35,000 முதல் 40,000 அடி. உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தம் வேண்டும். இதனால் ஒவ்வொரு பறப்பிலும் தகட்டின் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 8.25 பவுண்டு வெளியே தள்ளும், இறங்கியதும் விடும். ஏறும்போது உப்பல், இறங்கும்போது தளர்வு. உலோகக் களைப்பு, எங்கள் ஷாப்பில் 'ஃபெட்டீக்' என்போமே, அது இதிலிருந்து வருகிறது.

டி ஹாவிலண்ட் ஆட்கள் உடலின் முன்பகுதியை எடுத்து முதலில் வழக்கமான அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற்றிப் பார்த்தார்கள். தாங்கியது. அதே துண்டில் அழுத்தத்தை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கினார்கள். சுமார் 16,000 தடவை தாங்கியது. பயணிகள் சேவைக்கு இது தாராளம் என்று நிம்மதி அடைந்தார்கள்.

சிக்கல் அந்த முதல் ஏற்றத்தில் ஒளிந்திருந்தது. இரண்டு மடங்கு அழுத்தத்தில் மூலையோரத்து உலோகம் லேசாக இழுபட்டு நிரந்தரமாக நீண்டுவிடும். அழுத்தத்தை எடுத்ததும் சுற்றியிருக்கும் தகடு அதை உள்நோக்கி அமுக்கும். அப்படி அமுங்கிய இடத்தில் விரிசல் எளிதில் வளராது. ஆக, சோதனையே அந்தத் துண்டைப் பலப்படுத்திவிட்டது. பயணிகளை ஏற்றிய விமானங்கள் எதற்கும் அந்தப் பலம் கிடைக்கவில்லை. யோக் பீட்டர் உடைந்தது 1,290 பறப்புகளில். ஏப்ரல் 8 அன்று நேபிள்ஸ் அருகே 21 பேரோடு போன 'யோக் யோக்' அதைவிடச் சீக்கிரம், சுமார் 900-இல்.

அக்கறையில்லாமல் செய்த வேலை என்று இதை யார் சொன்னாலும் எனக்கு வலிக்கும். அவர்களுக்குத் தெரிந்தவரை நேர்மையாகச் செய்த சோதனை அது.

ஜூன் 3, மாலை

காலைக் குறிப்பில் என் தொழிலைச் சொல்லாமல் விட்டேன். ஓய்வு பெறும்வரை விமானத் தகடு வேலையில் இருந்தவன். எங்கே என்பது இங்கே முக்கியமில்லை.

தகட்டில் துளை போட்டதும் விளிம்பைச் சுற்றி 'பர்' என்கிற உலோகப் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு, விரல் நுனியில் நெருடும். அதை எடுக்காமல் ரிவெட் அடித்தால் விரிசலுக்கு விதை போட்டாயிற்று. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் துளையை ஒருபோதும் பார்த்துப் பாஸ் செய்ய மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் சுற்றுவார். நெருடினால் "திரும்ப எடு" என்பார், வேறொன்றும் சொல்ல மாட்டார். சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்துக் காத்திருப்போம். விரிசல் இருந்தால் வெள்ளையில் மயிரிழைக் கோடாகச் சிவப்பு கசியும். முதல் தடவை அந்தக் கோட்டைப் பார்த்தபோது கை உதறியது எனக்கு.

காமெட் தயாரிப்பின்போதே சில இடங்களில் சிறு விரிசல் விழுந்து, அதன் நுனியில் பொடித் துளை போட்டு நிறுத்தியிருந்தார்கள். இந்த முறை இன்றும் உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஓரத்து மூடித் தகட்டில் செய்யலாம். ஏறி இறங்கும் அழுத்தத்தைச் சுமக்கிற தகட்டில், அதுவும் திறப்பு மூலைக்குப் பக்கத்தில் என்றால், இன்றைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட மாட்டார். அன்று அந்த மூலையில் எவ்வளவு அழுத்தம் குவிகிறது என்பதே சரியாகத் தெரியாது. கணக்கில் வந்ததைவிட மிக அதிகமாகக் குவிந்திருந்தது.

ஜூன் 5

விபத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஃபார்ன்பரோவில் வைத்த தண்ணீர்த் தொட்டி பற்றி இரண்டு பேர் கேட்டதற்கு.

அரசு விமான ஆய்வு நிலையத்தின் இயக்குநர் ஆர்னால்ட் ஹால். சேவையில் இருந்த 'யோக் அங்கிள்' என்ற முழு காமெட்டையே தொட்டிக்குள் இறக்கினார். இறக்கைகள் இருபுறமும் தொட்டிக்கு வெளியே நீட்டியிருக்கும். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர், உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். காற்றால் ஊதினால் உடையும்போது குண்டுபோல் சிதறும், எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் அமுங்காது, ஆகவே கிழிந்த இடத்தோடு நின்றுவிடும். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் சுற்றில், அவசர வழித் திறப்பின் மூலையோரத்துத் துளை ஒன்றிலிருந்து கிழிந்தது. 16,000 எங்கே, 3,000 எங்கே.

இதில் மனத்தைப் பிசையும் தேதிகள் உண்டு. எல்பா விபத்துக்கு மறுநாளே காமெட்டுகளை நிறுத்தினார்கள். காரணம் தெரியவில்லை. தீ, எஞ்சின் என்று ஊகித்ததற்கெல்லாம் மாற்றங்கள் செய்து மார்ச் 23 அன்று மறுபடி பறக்க விட்டார்கள். பதினாறே நாளில் யோக் யோக் போனது. காரணம் தெரியாமல் பறக்கவிட்ட அந்த முடிவுதான் எனக்குப் பொறுக்காதது. ஜன்னலின் வடிவத்துக்காக அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஜூன் 6

கல்கத்தா விபத்தும் இதே காரணம்தானா என்று கேட்டவருக்கு: இல்லை. 1953 மே 2, கல்கத்தாவின் டம் டம் நிலையத்திலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று, சில நிமிடங்களில் இடிமழைச் சூறையில் சிக்கி 43 பேரோடு சிதறியது. கடும் காற்று வீச்சிலோ, அதைச் சமாளிக்கக் கட்டுப்பாடுகளை மிகையாக இழுத்ததிலோ கட்டமைப்பு முறிந்தது என்பது இந்திய விசாரணையின் முடிவு. காமெட் பயணிகள் சேவை தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு. முதல் சேவை 1952 மே 2, லண்டன்–ஜோகன்னஸ்பர்க், பறந்தது இதே யோக் பீட்டர். அந்த ஆகஸ்டிலேயே கொழும்புக்கும் காமெட் வரத் தொடங்கியது. ஆக, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானத்தை மிகச் சீக்கிரம் பார்த்த ஊர்களில் கொழும்பும் ஒன்று. அங்கே யார் வீட்டிலாவது பெரியவர்கள் சொன்ன கதை இருந்தால் எழுதுங்கள், படிக்க ஆசை.

ஜூன் 8, ஞாயிறுக்கு முந்தைய இரவு

காமெட்டைப் பற்றியே பேசினால் டி ஹாவிலண்டை அதன் விபத்தை வைத்து மட்டும் நினைவில் வைப்பதாகிவிடும். முன்கதை சொல்கிறேன்.

கம்பெனியைத் தொடங்கிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், தன் தாத்தா கொடுத்த பணத்தில் நண்பர் ஃபிராங்க் ஹெர்லோடு சேர்ந்து முதல் விமானம் செய்தார். அது உடைந்தது. இரண்டாவது 1910 செப்டம்பரில் பறந்தது. இறக்கைத் துணி முழுவதும் தைத்தவர் மனைவி லூயி. அரசு பலூன் தொழிற்சாலை அதை 400 பவுண்டுக்கு வாங்கியதோடு அவருக்கு வேலையும் கொடுத்தது. பிறகு ஏர்கோ விமானக் கம்பெனி, முதல் உலகப்போர், அங்கே அவர் வடிவமைத்த டிஎச்2, டிஎச்4 போர் விமானங்கள். போர் முடிந்தது, ஆர்டர் நின்றது, ஏர்கோ பிஎஸ்ஏ கைக்குப் போனது. மோட்டார்சைக்கிள் செய்கிற பிஎஸ்ஏவுக்கு விமானம் செய்ய விருப்பமில்லை. பழைய முதலாளி ஹோல்ட் தாமஸ் 10,000 பவுண்டு தர, 1920 செப்டம்பர் 25 அன்று டி ஹாவிலண்ட் கம்பெனி பிறந்தது. இடம் லண்டன் ஓரத்து ஸ்டாக் லேன் வயல். அடுத்த ஆண்டு, சொந்தத்துக்கு ஒரு விமானம் செய்து தரச்சொல்லி வந்த ஆலன் பட்லர் என்ற இளைஞர் பணத்தையும் போட்டார். பின்னால் அவரே தலைவரானார். வாடிக்கையாளராக வந்தவர் காப்பாற்றிய கம்பெனி.

1925 பிப்ரவரி 22, 'மாத்' என்ற சிறு விமானம் பறந்தது. மாத் என்றால் அந்துப்பூச்சி. ஜெஃப்ரி அந்துப்பூச்சிப் பிரியர், அதனால் வரிசையாக எல்லாவற்றுக்கும் பூச்சிப் பெயர்: ஜிப்சி, பஸ், ஃபாக்ஸ், லெபர்ட், டைகர். ஃபிராங்க் ஹால்ஃபோர்ட் போர்க்காலத்து எட்டு சிலிண்டர் ரெனோ எஞ்சினைப் பாதியாக்கி நான்கு சிலிண்டர் எஞ்சின் செய்து கொடுத்தார். இறக்கையை மடித்து, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய்க் கொட்டகையில் நிறுத்தலாம். பறத்தலை ராணுவத்திடமிருந்து எடுத்துப் பறக்கும் சங்கங்களிடம் கொடுத்த விமானம் இதுதான் என்பேன். 1930இல் பிரிட்டிஷ் பெண் விமானி எமி ஜான்சன் லண்டன் குராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின்வரை தனியாகப் போனது கைமாறிய பழைய ஜிப்சி மாத் ஒன்றில். வழியில் ஜான்சியில் இறங்கியிருக்கிறார்.

ஜூன் 9, காலை

சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்வரை தபால் கொண்டுவந்தது பஸ் மாத்தில். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாடாவின் விமானத் தபால் சேவை அப்படித் தொடங்கியது, அதுவும் டி ஹாவிலண்ட் இறக்கையில். 50 ஆண்டு கழித்து 1982இல், 78 வயதில், கராச்சி–பம்பாய்ப் பறப்பை லெபர்ட் மாத்தில் மறுபடி செய்து காட்டினார் ஜே.ஆர்.டி.

துணி இறக்கை பற்றிக் கேட்டவருக்கு. நான் பயிற்சி எடுத்த காலத்தில் ஒரு பறக்கும் சங்கத்தில் எச்ஏஎல் புஷ்பக் இருந்தது. அதுவும் துணி போர்த்தியதுதான். துணியை இழுத்துத் தைத்து 'டோப்' என்ற பூச்சு அடிப்போம். அந்த நெடி தலைக்கேறும், சட்டையில் நாள்கணக்கில் நிற்கும். காயக் காயத் துணி இறுகும். அடுத்த பூச்சு, இன்னும் இறுகும். கடைசியில் விரலால் சுண்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் அந்தப் பகுதியைப் பிரி. லூயி அம்மையார் அத்தனை கெஜம் துணியையும் வீட்டில் உட்கார்ந்து தைத்தார் என்று படித்தபோது, இந்தக் கம்பெனியின் வரலாற்றில் முதலில் வரவேண்டிய பெயர்களில் ஒன்று அவருடையது என்று தோன்றியது.

ஜூன் 9, இரவு

மஸ்கீட்டோ. இதற்குத் தனிக் குறிப்பு கட்டாயம்.

1939இல் எல்லோரும் அலுமினியம், துப்பாக்கிக் கோபுரம் என்று போய்க்கொண்டிருக்க, இவர்கள் மரத்தில் குண்டுவீச்சு விமானம், துப்பாக்கியே வேண்டாம், வேகம் போதும் என்றார்கள். விமான அமைச்சகத்தில் வில்ஃப்ரிட் ஃபிரீமன் ஒருவர்தான் பிடிவாதமாக ஆதரித்தார். வடிவமைப்புத் தலைமை ரொனால்ட் பிஷப். சாலிஸ்பரி ஹாலில் ரகசியமாக வேலை நடந்தது. 1940 நவம்பர் 25 அன்று டி ஹாவிலண்டின் மூத்த மகன், அவர் பெயரும் ஜெஃப்ரிதான், ஹாட்ஃபீல்டில் பறக்கவிட்டார். மொத்தம் 7,781 செய்தார்கள்.

உடல், நிலக்கடலைத் தோல்போல நீளவாக்கில் இரண்டு பாதி. பர்ச் பிளைவுட் இரண்டு படலத்துக்கு நடுவே பால்சா மரம், அச்சில் வைத்து ஒட்டுவது. பாதி திறந்திருக்கும்போதே வயர், குழாய் எல்லாம் உள்ளே பொருத்திவிட்டுப் பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டுவார்கள். குறுகிய உடலுக்குள் தலையை விட்டு வேலை செய்து முதுகு போனவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட மெக்கானிக்கை மதிக்கும் வடிவமைப்பு கிடையாது. ஹை விக்கம் பக்கத்து நாற்காலி மேசைத் தச்சர்கள் போர் விமானம் செய்தது இதனால்தான்.

ஜூன் 10

"இந்திய மழையில் பசை இளகி மஸ்கீட்டோக்கள் உதிர்ந்தன" என்று ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. 1944 கடைசியில் இந்தியா–பர்மா பக்கம் சில மஸ்கீட்டோக்கள் வானில் முறிந்தன, பறப்பதை நிறுத்தினார்கள். கம்பெனியைத் தொடங்கிய ஜெஃப்ரியின் தம்பி ஹெரிவர்ட் நேரில் வந்து ஆராய்ந்தார். பசை கெடவில்லை, மழைக்கால ஈரத்தில் மரம் சுருங்கி விரிந்ததுதான் காரணம் என்றார். பின்னால் நடந்த விசாரணை, இணைப்புகள் சரியாகப் பொருந்தாமல் விட்ட தயாரிப்புக் குறையைக் காட்டியது. இறக்கையின் முன் ஸ்பார் (நீள உத்திரம்) நெடுக ஒரு பிளைவுட் பட்டி சேர்த்து ஒட்டச் சொன்னார்கள். இரண்டு பலகைக்கு நடுவே இடைவெளி இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. இது நம் ஊர்த் தச்சர் எவரும் சொல்வது.

ஜூன் 12

நேற்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தந்தை ஜெஃப்ரிக்கு மூன்று மகன்கள். ஜான் 1943இல் இரண்டு மஸ்கீட்டோக்கள் நடுவானில் மோதியதில் இறந்தார். மூத்தவர் ஜெஃப்ரி 1946 செப்டம்பர் 27 அன்று, வால் கிடைத்தளம் இல்லாத டிஎச்108 ஜெட்டைச் சோதிக்கும்போது தேம்ஸ் முகத்துவாரத்தில் சிதறினார். லூயி 1949இல் காலமானார். அதே ஆண்டு ஜூலை 27, தந்தையின் பிறந்தநாளன்று காமெட் முதன்முதல் பறந்தது. ஓட்டியவர் மூத்தவருக்குப் பிறகு தலைமைச் சோதனை ஓட்டியான ஜான் கன்னிங்ஹாம். அவர் பிறந்ததும் ஜூலை 27தான். 'லாபத்துக்காக உயிரோடு விளையாடிய கம்பெனி' என்று மேலே எழுதியவர் இந்தத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஜூன் 15

இனி முக்கியக் கேள்வி: கம்பெனி எப்படி முடிந்தது?

விசாரணை லார்ட் கோயன் தலைமையில் நடந்து 1955 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. எதையும் மறைக்கவில்லை. போட்டியாளர்களும் படித்துப் பயன்பெற்றார்கள். டி ஹாவிலண்ட் தகட்டைத் தடிமனாக்கி, ஜன்னலை வட்டமாக்கி, உடலை நீட்டி காமெட் 4 செய்தது. 1958 அக்டோபர் 4, அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஜெட் பயணிகள் சேவை அதில்தான். அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்துப் போயிங் 707 மூன்று வாரம் கழித்தே வந்தது. ஆனால் 707 பெரியது, வேகமானது. எல்லா வகைக் காமெட்டும் சேர்த்து 114தான். நான்கு ஆண்டு முன்னிலை போயிருந்தது.

கவிழ்க்க அது போதவில்லை. அடுத்து வந்த டிஎச்121, அதாவது டிரைடென்ட், மூன்று எஞ்சின் விமானம். முதலில் பெரிதாகத் திட்டமிட்டார்கள். வாங்கவேண்டிய அரசு விமானச் சேவை நிறுவனம் பிஇஏ, 1959இல் பயணிகள் கூட்டம் குறைந்ததைப் பார்த்து, சிறியதாக்கச் சொன்னது. சிறியதாக்கினார்கள். எஞ்சினும் சிறியதானது. ஒரே ஒரு வாடிக்கையாளரின் ஒரு வருடக் கவலைக்கு ஏற்ப உலகச் சந்தைக்கான விமானத்தை வெட்டினார்கள். டிரைடென்ட் 1962 ஜனவரியில் பறந்தது. ஓராண்டு பின்னால் வந்த போயிங் 727, கிட்டத்தட்ட டிரைடென்ட் முதலில் இருந்த அளவு. கணக்கு: டிரைடென்ட் 117, 727 ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். தானாகவே தரையிறங்கும் நுட்பத்தைப் பயணிகள் சேவையில் முதலில் செய்து காட்டியது டிரைடென்ட், 1965 ஜூனில். அப்படிப்பட்ட விமானத்துக்கு வந்த கதி இது.

இதற்கிடையே, கம்பெனிகள் இணைந்தால்தான் ஆர்டர் என்று அரசு நெருக்கியது. 1960இல் டி ஹாவிலண்டை ஹாக்கர் சிட்லி என்ற இன்னொரு பிரிட்டிஷ் விமானக் கம்பெனி வாங்கியது. 1963இல் பெயரையும் எடுத்துவிட்டார்கள். கேள்விக்கு என் பதில்: ஜன்னல் முன்னிலையைப் பறித்தது, கம்பெனியைக் கொன்றது அடுத்தவர் அளவுக்குத் தன் விமானத்தை வெட்டிக்கொண்டதும் கட்டாயக் கல்யாணமும். முதலில் காமெட்டுக்குப் பிறகு காசில்லாததையே பெரிய காரணமாக நினைத்திருந்தேன். டிரைடென்ட் கதையைத் திரும்பப் படிக்கப் படிக்க எடை இந்தப் பக்கம் சாய்ந்தது.

ஜூன் 16

டி ஹாவிலண்டின் போர் ஜெட் வேம்பயரை விட்டுவிட்டீர்களே என்கிறார் ஒருவர். நியாயம். இந்திய விமானப்படையின் முதல் ஜெட் அதுதான், 1948இல். பெங்களூரில் எச்ஏஎல் உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1965 செப்டம்பர் 1, சம்ப் முனையில் நான்கு வேம்பயர்களை இழந்தோம். அதற்குள் அது பழைய தலைமுறை, பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளுக்கு முன்னால் அனுப்பியிருக்கவே கூடாது. விமானத்தின்மேல் பழி போடாதீர்கள்.

ஜூன் 20

டி ஹாவிலண்ட் விமானம் இன்னும் பறக்கிறதா என்று கேட்டவருக்கு. கனடாவில் வைத்த கிளை தாயைவிட நீண்ட ஆயுள் கொண்டது: பீவர், ட்வின் ஆட்டர், டேஷ் 8. மாலத்தீவுக்குத் தேனிலவு போனவர்கள் மிதவை கட்டிய ட்வின் ஆட்டரில் ஏறியிருப்பீர்கள். நம் பக்கத்துச் சிறு ஊர்களுக்கு ஸ்பைஸ்ஜெட் ஓட்டிய கியூ400 டேஷ் 8 வம்சம். 2019இல் அந்தக் கம்பெனி டி ஹாவிலண்ட் கனடா என்ற பழைய பெயரையே திரும்ப எடுத்துக்கொண்டது.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு: மஸ்கீட்டோவின் முதல் விமானம், மஞ்சள் வயிற்றோடு, சாலிஸ்பரி ஹாலில் பிறந்த இடத்திலேயே இருக்கிறது, காமெட் 1ஏ உடலும் அங்கேதான். காஸ்ஃபர்ட் அருங்காட்சியகத்தில் முழு காமெட் 1 ஒன்று உண்டு, ஆனால் அது பின்னால் பலப்படுத்தியது, சதுர ஜன்னலைத் தேடி அங்கே போகாதீர்கள். அட்லாண்டிக் கடந்த முதல் நாளில் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த காமெட் 4, டக்ஸ்ஃபர்ட் அருங்காட்சியகத்தில். எமி ஜான்சனின் ஜிப்சி மாத் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் சாலிஸ்பரி ஹாலுக்குப் போங்கள். போகுமுன் திறந்திருக்கும் நாள்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.